வகுப்பில் ஒரு சிரிப்பு: வேலூர்ப் பக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தரப் புதிதாக வருபவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்குப் புது முகங்கள் வருவார்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள், பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்கள், மாலை வகுப்பு எடுக்க வரும் தன்னார்வலர்கள். ஆங்கிலம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஃபோனிக்ஸிலிருந்து ஆரம்பிக்கலாமா, கிராமரிலிருந்து ஆரம்பிக்கலாமா?" என்பதுதான். (ஃபோனிக்ஸ் என்றால் எழுத்துகளின் ஓசையைக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தரும் முறை.) வகுப்பில் யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்வேன். ஏன் என்பதற்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. பாடத்தில் 'ஐலண்ட்' என்ற வார்த்தை வந்தது. அவள் எழுத்துக் கூட்டி 'இஸ்லாண்ட்' என்று படித்தாள். கூட்டிப் படித்தால் அப்படித்தானே வரும்? கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் "இஸ்லாண்டு..." என்று இழுத்தான். வகுப்பே சிரித்தது. அவள் அழவில்லை. அந்த வார்த்தையின் மேல் வைத்த விரலை எடுக்காமல், நகம் வெளுத்துப் போகும் அளவுக்கு அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அன்றிலிருந்து மூன்று வாரம் ஆங்கில வகுப்பில் அவள் வாய் திறக்கவே இல்லை. கணக்கு வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கியவள் அவள்தான்.

நான் அன்று செய்தது பெரிய தவறு. சிரிப்பை ஆரம்பித்த பையனை வெளியே நிற்க வைத்தேன். சாயங்காலம் மினி பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் அவனும் கூட்டாளிகளும் அவளை 'இஸ்லாண்டு' என்றே கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும் வரை அந்தப் பெயர் அவளை விடவில்லை. வகுப்பில் நான் கொடுத்த தண்டனைக்கு அவள்தான் வெளியே விலை கொடுத்தாள். கீழே எழுதியிருப்பதில் பாதி, அந்தத் தவறுக்குப் பிறகு கற்றுக்கொண்டது.

முதல் வாரம்: பார்ப்பதும் கேட்பதும் மட்டும்

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் வகுப்பின் படத்தை வரையுங்கள், பெஞ்சு பெஞ்சாக. யார் எங்கே உட்கார்கிறார்கள், மதியம் சாப்பாட்டு வரிசையில் யார் பின்னால் யார் நிற்கிறார்கள், தட்டை எடுத்துக்கொண்டு யாரோடு போய் உட்கார்கிறார்கள், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள், கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாக யாரைச் சேர்க்கிறார்கள், யார் சிரித்தால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறியுங்கள். முக்கியமானது கடைசிக் கேள்வி. எந்த வகுப்பிலும் முதலில் சிரிப்பவன் ஒருவன், அவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நாலு பேர், வேறு வழியில்லாமல் சிரிப்பவர்கள் மீதிப் பேர்.

வில்லியம் கோர்சாரோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் மழலையர் பள்ளிகளில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தே ஆய்வு செய்தவர். விளையாடும் இடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்வாராம். கேள்வி கேட்க மாட்டார், பிள்ளைகளாக வந்து பேசும் வரை காத்திருப்பார். பிள்ளைகள் அவருக்கு 'பிக் பில்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, அதை எடுத்துத் தங்களுக்குள் ஒரு தனிப் பழக்கவழக்கமாக, தனி மதிப்பு மரியாதையாக மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. எது கெத்து, எது அசிங்கம், யாரைச் சேர்க்கலாம் என்பதற்கெல்லாம் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. நமக்கு அதை எழுதிக் கொடுக்க மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

அடுத்த பக்கத்தில் வீட்டு மொழியை எழுதுங்கள். பழைய வட ஆற்காட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் காட்பாடி, குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. பேரணாம்பட்டிலும், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடுகள் நிறைய. பீஞ்சமந்தை மாதிரி ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் தமிழ், சமவெளித் தமிழ் போல ஒலிக்காது. நம் ஊர்ப் பிள்ளைகளே "அங்க கீது மிஸ்", "எனுக்கு வராது மிஸ்" என்றுதான் பேசுவார்கள். ஆங்கிலம் வருவதற்கு முன்னாலேயே, பேசும் பேச்சுக்காக ஒரு முறை சிரிப்பு வாங்கியிருக்கும் பிள்ளைகள் இவர்கள். 'கீது' என்று சொன்னதற்கு ஒருமுறை 'இருக்கிறது என்று சொல்' என எல்லோர் முன்னாலும் திருத்தப்பட்ட பிள்ளை, ஆங்கிலத்தில் துணிந்து வாய் திறக்கும் என்று நாம் எப்படி எதிர்பார்ப்பது?

அதனால் முதல் வாரத்தில் வீட்டுப் பேச்சைத் திருத்தாதீர்கள். பெயர்களைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். உருதுப் பெயரில் வரும் 'ஃப' ஓசையையும், 'ஸீரோ'வின் முதலில் வரும் 'ஸ' ஓசையையும் அந்தப் பிள்ளையிடமே கேட்டு, அவள் தலையாட்டும் வரை சொல்லிப் பாருங்கள். டீச்சரே ஒரு ஓசைக்குத் திணறி, கேட்டுத் திருத்திக்கொள்வதை முழு வகுப்பும் பார்க்கும். அதை ஒரு பாடமாக வைத்து நடத்தினாலும் இவ்வளவு பதியாது.

'பீட்டர் விடுறான்'

புதிதாக வருபவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரிவதில்லை. ஒரு பையன் தைரியமாக "மே ஐ கோ அவுட் மிஸ்?" என்று கேட்கிறான். பின்னாலிருந்து "பீட்டர் வுடுறான் பாரு" என்று ஒரு குரல். மறுநாள் அவன் விரலை மட்டும் காட்டுவான். தப்பாகப் பேசினால் கேலி, சரியாகப் பேசினால் 'சீன் போடுறான்'. இரண்டு பக்கமும் அடி என்றால் எந்தப் பிள்ளையும் நடுவில் மௌனமாக நின்றுகொள்ளத்தான் பார்க்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடாதீர்கள்.

பெரிய வகுப்புகளில் இது இன்னும் இறுகும். தனியார் மெட்ரிக் பள்ளியில் இரண்டு மூன்று வருஷம் படித்துவிட்டு, ஃபீஸ் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். புது ஆசிரியர்கள் ஆசையாக அவனையே எழுப்பிப் படிக்க வைப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மாதத்தில் அவன் ஒன்று தனிமைப்பட்டுப் போவான், இல்லையென்றால் கூட்டத்தில் சேர்வதற்காகத் தெரிந்த ஆங்கிலத்தையே தப்பாகப் பேச ஆரம்பிப்பான். தெரிந்தே தப்பாகப் படித்த ஒரு ஆறாம் வகுப்புப் பையனைப் பார்த்திருக்கிறேன். தனியாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால் தண்ணீர் போலப் படித்தான்.

அந்தச் சொல்லைத் தடை செய்தால் மட்டும் வேலைக்கு ஆகாது, அது மரத்தடிக்குப் போய்விடும். நான் செய்வது இது: இரண்டாவது வாரம் ஒரு நாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து பள்ளி வரும் வரை வாயில் வந்த ஆங்கில வார்த்தைகளை எல்லாம் போர்டில் எழுதச் சொல்வேன். பிரஷ், பேஸ்ட், சோப்பு, டீ, கேஸ், பஸ், டிக்கெட், செல், சார்ஜர், ஷூ கம்பெனி, ஷிஃப்ட், ஓ.டி. அப்பாவோ அம்மாவோ ஷூ கம்பெனிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து 'சோல்', 'ஸ்டிச்சிங்', 'கட்டிங்', 'பேக்கிங்' எல்லாம் வந்து விழும். போர்டு நிறைந்ததும், "சரி, இந்த வகுப்பில் இங்கிலீஷ் பேசாதவர் யார்?" என்று கேட்பேன். ஆங்கிலம் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது என்று போர்டே சொல்லிவிட்ட பிறகு, ஒருவனை மட்டும் பிரித்து பீட்டர் என்பது கொஞ்சம் கஷ்டம்.

கூச்சமா, பயமா, அவமானமா, ரோஷமா?

பேசாத பிள்ளைகளை எல்லாம் 'ஷை டைப்' என்று ஒரே பையில் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வைத்தியமும் பிரிந்து தெரியும்.

கூச்சம் உள்ள பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் மெல்லத்தான் பேசும். கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் உதடு அசையும். அதை விட்டுவிடுங்கள், தானாகப் பழகும். எல்லோர் முன்னாலும் "ஏன் இவ்வளவு மெதுவாப் பேசற?" என்று கேட்காமல் இருந்தால் போதும்.

பயம் என்பது நம்மைப் பற்றியது. நாம் பெஞ்சு பக்கம் நடந்தால் அந்தப் பிள்ளையின் தோள் இறுகும், நோட்டைக் கையால் மறைக்கும். முந்தைய வருஷங்களில் எங்கோ அடி வாங்கியிருக்கும். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. 'முட்டாள்' என்று திட்டுவதும் அந்தத் தடைக்குள் வருவதுதான் என்பதைப் புதிதாக வருபவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். பயந்த பிள்ளையிடம் போகும்போது நிற்காதீர்கள், உட்காருங்கள். பெஞ்சின் உயரத்துக்கு நம் முகம் இறங்கினாலே பாதி பயம் போகும்.

அவமானம் வேறு. மேலே சொன்ன மூன்றாவது பெஞ்சுப் பெண்ணுக்கு நடந்தது அதுதான். அவள் கணக்கில் பேசினாள், கபடியில் கத்தினாள், ஆங்கிலத்தில் மட்டும் ஊமையானாள். ஒரு பாடத்தில் மட்டும் மௌனம் என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இது தானாக ஆறாது. சிரிப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்திலேயே, அந்த நண்பர்கள் முன்னாலேயே மரியாதை திரும்பக் கிடைத்தால்தான் ஆறும்.

அவளுக்கு அது கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். அவள் வீட்டில் உருது பேசுவார்கள். ஒரு நாள் 'ஃபிஷ்', 'ஃபைவ்', 'ஸீப்ரா', 'ஸீரோ' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வகுப்பு முழுக்க 'பிஷ்', 'பைவ்', 'ஜீப்ரா', 'ஜீரோ'. நம் பேச்சுத் தமிழில் அந்த ஓசைகள் இல்லை, அதனால் யார் மேலும் தப்பில்லை. உருதுவில் இரண்டும் உண்டு. அவள் உதடு சரியாக அசைவதைப் பார்த்தேன். எழுப்பவில்லை. அவள் பெஞ்சு முழுவதையும் சொல்லச் சொன்னேன். பிறகு அவள் பெஞ்சு மற்ற பெஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன். கீழ் உதட்டில் பல்லை வைத்துக் காற்றை ஊத வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துத் தன் பெஞ்சுக்குக் காட்டினாள். கடைசி பெஞ்சுப் பையன், அதே பையன், நாலு தடவை ஊதிப் பார்த்துவிட்டு "எப்படிடி வருது உனுக்கு?" என்று கேட்டான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். மறுநாள் அவள் கை பாதி உயரத்துக்கு வந்தது. பட்டப்பெயர் போகவில்லைதான், ஆனால் வாய் திறந்துவிட்டது.

ரோஷம் என்பது நல்ல எரிபொருள். ஒருமுறை சிரித்ததும் "நாளைக்குப் படிச்சிட்டு வரேன் பாரு" என்று முறைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளை அது. அதற்கு ஆறுதல் சொல்லாதீர்கள், படிக்க ஒரு பக்கத்தைக் கொடுங்கள். ஆனால் மறுநாள் கட்டாயம் அதற்கு வாய்ப்பு தர வேண்டும். தயாராக வந்த ரோஷக்காரப் பிள்ளையைக் கூப்பிட மறந்தால் அந்த ரோஷம் உங்கள் மேல் திரும்பும்.

பெரியவர்களுக்கே இந்தக் கஷ்டம் உண்டு. 1986-இல் அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம் வேற்று மொழி வகுப்பில் வரும் பதற்றத்தை அளக்க ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார்கள். பேசப் பயம், பரீட்சைப் பயம், மற்றவர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் என்று மூன்றைப் பிரித்தார்கள். பட்டம் படிக்கும் வயதிலேயே இந்தப் பதற்றம் என்றால், பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பயமும் பதற்றமும் ஏறினால் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்று மொழி கற்பதை ஆராய்ந்த ஸ்டீபன் க்ராஷன் சொன்னதை எல்லா ஆய்வாளர்களும் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வெளுத்த நகத்தோடு நின்ற பிள்ளையைப் பார்த்த எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

வாய் திறக்க வைக்கும் வரிசை

தனியாக எழுப்பிக் கேட்பது கடைசிப் படி. நாம் அதைத்தான் முதல் படியாக வைத்துவிடுகிறோம். முதலில் வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லட்டும், பிறகு பாதி வகுப்பு, பிறகு ஒரு பெஞ்சு, அப்புறம் இரண்டு பேர். இரண்டு பேராகச் சொல்லி நாலைந்து நாள் ஆன பிறகுதான் தனி ஆள், அதுவும் கை தூக்கினால் மட்டும். கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு தப்பாகச் சொல்லிப் பார்க்கும் வசதியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கோயிலில் கூட்டத்தோடு சேர்ந்து 'அரோகரா' சொல்ல எந்தப் பிள்ளையும் கூச்சப்படுவதில்லை.

பேசவே பேசாத பிள்ளைகளுக்குக் கையும் காலும் வேலை செய்யட்டும். 'டச் த டோர்', 'பிரிங் த டஸ்டர்', 'புட் த பாட்டில் அண்டர் த பெஞ்ச்'. புரிந்ததைச் செய்து காட்டுவதும் பதில்தான். ஜேம்ஸ் ஆஷர் என்பவர் இதை ஒரு முறையாகவே வளர்த்தார்: குழந்தை தாய்மொழியைக் கேட்டு, செய்து, அதன் பிறகுதான் பேசுகிறது, இரண்டாம் மொழிக்கும் அந்த அவகாசம் வேண்டும் என்பது அவர் வாதம். மலையிலிருந்து வந்த விடுதிப் பிள்ளை ஒருவன் ஜூலை கடைசி வரை ஒரு வார்த்தை பேசாமல், சொன்னதை எல்லாம் சரியாகச் செய்துகொண்டே இருந்தான். ஆகஸ்டில் ஒரு நாள், பாட்டிலை வேறு இடத்தில் வைத்த பக்கத்துப் பையனிடம் "நோ, அண்டர்!" என்று கத்தினான். அவனுடைய முதல் ஆங்கில வாக்கியம் அது.

கேள்வி கேட்ட பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒலிப்பதிவு செய்து அளந்தார். சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடி ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, பதிலே வராத இடங்கள் குறைகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். அவர் பார்த்தது சொந்த மொழியில் நடந்த அறிவியல் வகுப்புகள். நம் பிள்ளை கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுபோய், பதிலைத் தமிழில் யோசித்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். முதலில் அந்த அமைதி நமக்குத்தான் தாங்காது.

திருத்தும் விதம்

ஒரு பையன் "ஹீ கோட் பஸ் ஸ்டாண்ட்" என்கிறான். "தப்பு, கோ-வுக்கு பாஸ்ட் டென்ஸ் என்ன?" என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் போன கதை அங்கேயே நின்றுவிடும். "ஓ, ஹீ வெண்ட் டு த பஸ் ஸ்டாண்ட்? வித் ஹூம்?" என்று கேளுங்கள். சரியான வாக்கியம் காதில் விழுந்துவிட்டது, கதையும் நகர்ந்துவிட்டது. எல்லாத் தப்பையும் பிடிக்க வேண்டாம். இந்த வாரம் 'வெண்ட்' என்றால் வெண்ட் மட்டும்.

உச்சரிப்பில் சிரிப்பு வந்தால் பழியை வார்த்தையின் மேல் போடுங்கள். எங்கள் வகுப்புச் சுவரில் 'ஏமாற்றும் வார்த்தைகள்' என்று ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறேன். ஐலண்ட், நைஃப், லிசன், வென்ஸ்டே. எழுத்து ஒன்று, ஓசை ஒன்று. யார் ஏமாந்தாரோ அவரே போய் அந்த வார்த்தையைச் சார்ட்டில் எழுதி, கீழே சின்னதாகத் தன் பெயரையும் எழுதுவார். இப்போது பிள்ளைகள் புதுப் பாடம் எடுத்ததுமே ஏமாற்றும் வார்த்தையைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். 'ஐலண்ட்' வார்த்தைக்குள் இருக்கும் 'எஸ்' எழுத்தும் பழைய ஆங்கிலத்தில் இல்லாததுதான். சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் 'ஐல்' என்ற வேறொரு வார்த்தையோடு குழப்பி, படித்தவர்களே தவறாகச் சேர்த்தது. இது எனக்கு அன்றே தெரிந்திருந்தால், "இங்கிலாந்துக்காரர்கள் செய்த தப்புக்கு இவளைப் பார்த்து ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டிருப்பேன்.

முதலில் சிரிக்கும் பிள்ளையைத் தனியாகப் பாருங்கள். பல நேரம் தன் முறை வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுபவன்தான் முந்திக்கொண்டு சிரிக்கிறான். 'இஸ்லாண்டு' என்று இழுத்த அந்தப் பையனையே படிக்கச் சொன்னபோது 'தே' என்ற வார்த்தையில் நின்றுவிட்டான். அவனுக்கு இடைவேளையில் பத்து நிமிஷம் கொடுத்தேன், சார்ட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவனுக்கே. பாதுகாப்பு கிடைத்தவனுக்கு அடுத்தவரைத் தள்ளிவிட வேண்டிய அவசியம் குறைகிறது.

யார் பக்கத்தில் யார்

நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் ஜோடி சேர்க்கச் சொல்வார்கள். ஆரம்பத்தில் அது வேண்டாம். ஒருவர் டீச்சர் ஆகிவிடுவார், இன்னொருவர் இன்னும் சுருங்குவார். முதல் மாதம் நண்பனோடு நண்பன், அப்புறம் மெல்ல மாற்றலாம்.

காலையில் வந்ததும் "யாராவது காய் விட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவேன். காய் விட்ட இருவரை உட்கார வைத்து "ஹலோ, ஹவ் ஆர் யூ?" சொல்லச் சொன்னால் ஒன்றும் நடக்காது. பழம் விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு இது விளையாட்டு, அவர்களுக்கு அன்றைய நாளே அதுதான்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில கிராமங்களில் பெஞ்சுகள் ஊர், காலனி என்று தானாகப் பிரிந்திருக்கும். முதல் வாரப் படத்தில் அது கண்ணில் படும். யாரையும் பெயர் சொல்லி இடம் மாற்றாதீர்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லோரும் ஒரு பெஞ்சு நகர வேண்டும், ஜோடியும் சீட்டுக் குலுக்கி வரும் என்று பொதுவான விதி வையுங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு பிள்ளையிடம் போகக் கூடாது.

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே அறையில். முதல் இரண்டு வாரம் மதிப்பெண் இல்லாத வேலையாகக் கொடுங்கள்.

வீடு

பீடி சுற்றும் அம்மாக்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டே நம்மிடம் பேசுவார்கள். கை நிற்காது. "நமக்கெல்லாம் இங்கிலீஷ் எங்க வரப்போவுது மிஸ்" என்பார்கள், பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். அப்போது அறிவுரை சொல்லாதீர்கள். "அக்கா, தினமும் ராத்திரி இவள் படிக்கிறதைக் கேளுங்க. உங்களுக்குப் புரிய வேண்டாம். முடிச்சதும் 'இன்னொரு வாட்டி படி'ன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். சிரிக்காமல் கேட்கும் ஒரு காது வீட்டில் இருந்தால் பள்ளியில் பாதி வேலை முடிந்தது.

ஒரு தடவை ஒரு பையனின் அப்பாவை வகுப்புக்கு அழைத்தேன். வேலூர் டவுனில், சி.எம்.சி. ஆஸ்பத்திரிப் பக்கம் ஆட்டோ ஓட்டுபவர். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வரும் இடம் அது. கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கும். அவர் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். "வேர் கோயிங்? காந்தி ரோடு? லாட்ஜ்? ஃபிஃப்டி ருபீஸ், கம், சிட்" என்று பேசிக் காட்டினார், நடுநடுவே இந்தியும் வங்காளமும். ஒரு பிள்ளை கேட்டது: "தப்பா பேசினா அவுங்க சிரிக்க மாட்டாங்களாண்ணா?" அவர் யோசித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கம்மா. அவுங்களுக்கு இடம் போய்ச் சேரணும், அவ்ளோதான்" என்றார். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அவர் மகன் அன்று முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

கேலி எல்லை மீறினால்

ஒரு பிள்ளை திடீரென்று லீவு போட ஆரம்பித்தால், ஆங்கிலப் பீரியட் வரும் நேரத்தில் வயிற்று வலி என்றால், ஒரே பெயரைச் சொல்லித் தினமும் துரத்துகிறார்கள் என்றால், அதை வகுப்பு உத்திகளால் மட்டும் சரி செய்யப் பார்க்காதீர்கள். தேதியோடு நோட்டில் எழுதுங்கள், தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், இரு வீட்டாரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். எல்லோர் முன்னாலும் 'ஸாரி கேள்' என்று நிற்க வைக்காதீர்கள். நான் செய்த தவறின் இன்னொரு வடிவம் அது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். எண்களை ஆங்கிலத்தில் சொல்லப் பழகவும் அது உதவும்.

நோட்டின் கடைசிப் பக்கம்

வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, மதிப்பெண்ணுக்குப் பதில் இதை எழுதுங்கள்: இந்த வாரம் புதிதாக வாய் திறந்தது யார்? யாருடைய தப்புக்கு யாரும் சிரிக்கவில்லை? யார் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தார்? ஜூலையில் இரண்டு பெயர் இருக்கும். காலாண்டுத் தேர்வுக்குள் பன்னிரண்டு, பதினைந்து பெயர் வரும். தேர்வு விடுமுறை முடிந்து வந்ததும் திரும்ப எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். கலங்க வேண்டாம். வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்வதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். முதல் தடவை ஒரு மாதம் பிடித்தது, இந்தத் தடவை மூன்று நாளில் பெஞ்சு அளவுக்கு வந்துவிடும்.